உங்களுக்குத் தெரியுமா? ஒலியின் உச்சந்தலையில் ஒரு குட்டு

பாட்டு நம் காதுக்கு வரும் வழியில் கடைசியாக நிற்கும் காவலாளி லிமிட்டர். சத்தம் எல்லையைத் தாண்டப் போகும் நேரத்தில் அதன் உச்சந்தலையில் குட்டி உட்கார வைப்பதுதான் வேலை. ஒழுங்காகச் செய்தால் அது இருப்பதே தெரியாது. சொதப்பினால் பாட்டே தெரியாது. இந்த முறை துணுக்குகள் முழுக்க அதைப் பற்றித்தான்.

● சி.டி.யில் ஒலி அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 16 பிட். அதில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 32,767. அதோடு ஒன்றைக் கூட்டினால் 32,768 வர வேண்டும் அல்லவா? 16 பிட் கணக்கில் மைனஸ் 32,768 வரும்! கூரையில் முட்டிய அலை மறுகணமே பாதாளத்தில் கிடக்கும். காதில் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். அதனால்தான் ஒலிக்கென்று செய்யப்படும் சிப்புகளில், நிரம்பினால் நிரம்பிய இடத்திலேயே நிற்கும் தனிக் கூட்டல் முறை வைத்திருக்கிறார்கள். லிமிட்டரிலேயே மகா முரடு இதுதான்.

● டிஜிட்டல் ஒலியில் உச்சவரம்பின் பெயர் பூஜ்யம். மற்றதெல்லாம் மைனஸ் கணக்கு. பாதி உயரம் சுமார் மைனஸ் 6 டெசிபெல், பத்தில் ஒரு பங்கு மைனஸ் 20. பூஜ்யம் வாங்கினால் முதல் மார்க் என்பது இந்த ஒரு பரீட்சையில்தான்.

● எல்லை தாண்டும் அலையின் தலையைச் சீவிவிட்டால் போயிற்று, இதற்கு எதற்குத் தனிக் கருவி என்று கேட்கலாம். சீவினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 5,000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றின் மேலும் கீழும் சமமாக வெட்டினால், அதன் 3, 5, 7, 9 மடங்குகளில் புதுச் சுரங்கள் முளைக்கும். 9 மடங்கு என்றால் 45,000. சி.டி.யின் சாம்பிள் வேகமோ விநாடிக்கு 44,100. அதில் பாதியான 22,050-க்கு மேல் எதையும் அதனால் எழுத முடியாது. அப்படி வருபவை திரும்பி மடிந்து உள்ளே விழும். 45,000 மடிந்து 900 ஹெர்ட்ஸாக நிற்கும்! உச்சியில் வெட்டிய வெட்டுக்கு, எந்த ராகத்திலும் சேராத ஒரு முனகல் அடித்தளத்தில் கேட்கும்.

அதனால் ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் செருகும் நல்ல லிமிட்டர் பிளக்-இன்கள் சாம்பிள் எண்ணிக்கையை முதலில் 4 மடங்கோ 8 மடங்கோ பெருக்கிக்கொண்டு, வெட்டி, வடிகட்டி, பிறகு பழைய வேகத்துக்கு இறங்குகின்றன.

● லிமிட்டர் பிறந்து வளர்ந்த வீடு ஸ்டூடியோ அல்ல, ரேடியோ நிலையம். ஏ.எம். ஒலிபரப்பில் சத்தம் அளவு மீறினால் ஒலி சிதைவதோடு, பக்கத்து அலைவரிசைக்காரர் வீட்டுக்குள்ளும் சிதறும். 1937-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் இதற்காகவே '110' என்ற கருவியைக் கொண்டுவந்தது. எஃப்.எம். காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பாப் ஆர்பன் 1975-இல் வெளியிட்ட 'ஆப்டிமாட்'.

● இசைத்தட்டுக் காலத்தில் பயம் வேறு. தட்டில் பள்ளம் வெட்டும் ஊசி ஓர் அதிரடி ஓசைக்கு அகலமாக ஆடினால் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். வெட்டும் தலையே எரிந்துபோகவும் கூடும். எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ரெய்ன் நார்மா வடிவமைத்த 'ஃபேர்சைல்ட் 670' அந்தத் தலையைக் காப்பாற்ற வந்த கருவி. 20 வால்வுகள், சுமார் 30 கிலோ எடை. இன்று அதே பெயரில் லேப்டாப்புக்குள் உட்காரும் சாஃப்ட்வேர் நகல்களுக்குக் கணக்கில்லை. தூக்கிச் சுமக்கும் வேலையாவது மிச்சம்.

● பில் புட்னம் 1967-இல் வெளியிட்ட '1176' லிமிட்டர் பாய்ந்து பிடிக்க எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச நேரம் ஒரு விநாடியில் 10 லட்சத்தில் 20 பங்கு. விநாடிக்கு 48,000 சாம்பிள் ஓடும் இன்றைய கருவியில் ஒரே ஒரு சாம்பிளுக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதேதான். கம்ப்யூட்டர் பின்னால் வந்து தொட்ட வேகத்தை டிரான்சிஸ்டர் அன்றே தொட்டிருந்தது. இன்னொரு கூத்து: அதன் 'அட்டாக்' குமிழை வலப்பக்கம் திருப்பினால் எண் கூடும், நேரம் குறையும். புதிதாகக் கை வைப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாந்திருப்பார்கள்.

● அதே காலத்து 'எல்.ஏ.2ஏ' கருவிக்குள் ஒளிரும் தகடு ஒன்றும், வெளிச்சம் பட்டால் மின்தடை மாறும் செல் ஒன்றும் எதிரெதிரே இருக்கும். சத்தம் கூடினால் வெளிச்சம் கூடும், வெளிச்சம் கூடினால் ஒலி அடங்கும். சத்தம் ஓய்ந்த பிறகு பாதித் தூரத்தை 0.06 விநாடியில் திரும்பிவிடும். மீதிப் பாதிக்குச் சில விநாடிகள் ஆகும். எவ்வளவு நேரம் குட்டு வாங்கியது என்று அந்த செல்லுக்கு ஞாபகம் இருக்கும் என்பார்கள். குட்டிய கையை எடுப்பதற்கு 'ரிலீஸ்' என்று பெயர். டிஜிட்டல் லிமிட்டர்களில் 'இரண்டு கட்ட ரிலீஸ்' என்று எழுதியிருந்தால் அது இந்தச் செல்லின் சோம்பலைக் கணக்காக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

● மேலே சொன்ன பழைய கருவிகளால் முடியாத ஒன்று டிஜிட்டலுக்கு முடியும்: வரப்போவது அதற்கு முன்கூட்டியே தெரியும். ஜோசியம் இல்லை, சின்னத் தந்திரம். வரும் ஒலியை 5 மில்லிவிநாடி வாசலில் நிறுத்திவைக்கிறார்கள். அதற்குள் அளவு பார்க்கும் பகுதி உள்ளே புகுந்து உச்சம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடும். ஒலி வெளியே வரும்போது சத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். இதன் பெயர் 'லுக்-அஹெட்'.

5 மில்லிவிநாடியில் காற்றில் ஒலி சுமார் 1.7 மீட்டர் போகும். ஸ்பீக்கரை அவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் யாருக்காவது தெரியுமா? பாட்டுக்குக் கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங் அறையில் தெரியாது. மேடையில் காதுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடுகிறவருக்குத் தெரியும். தன் குரல் மண்டை ஓட்டு வழியாக ஒருமுறை, இயர்போன் வழியாகக் கொஞ்சம் பிந்தி இன்னொருமுறை என்று இரண்டாகக் கலந்து, குடத்துக்குள் பாடுகிற மாதிரி ஆகிவிடும்.

● நம் காதும் இந்தத் தந்திரத்துக்கு உடந்தை. பலத்த ஓசை ஒன்று, தனக்குப் பின்னால் வருவதை மட்டுமா மறைக்கிறது? தனக்குச் சில மில்லிவிநாடி முன்னால் வந்ததையும் சேர்த்து மறைக்கும். லிமிட்டர் முன்கூட்டியே ஒலியைத் தாழ்த்தியது நமக்குத் தெரியாமல் போவது அதனால்தான்.

● உச்சம் வருவது தெரிந்துவிட்டது. இனி எப்படி இறங்குவது? வடிவமைப்பவர்களின் தூக்கம் போவது இந்த இடத்தில்.

எல்லை 0.8 என்று வைத்துக்கொள்வோம். 1.6 உயரத்தில் ஓர் உச்சம் வருகிறது. அதைப் பாதியாக்க வேண்டும். பெருக்கும் எண் 1-லிருந்து 0.5-க்கு இறங்க வேண்டும். ஒரே சாம்பிளில் இறக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். வழக்கமான வளைவில் மெல்ல இறக்கினால், குறித்த கால அளவில் 63 சதவீதத் தூரம்தான் போயிருக்கும். மிச்சம் வால் மாதிரி நீளும். உச்சம் வாசலுக்கு வந்துவிடும், எண் இன்னும் 0.5-ஐத் தொட்டிருக்காது. கொஞ்சம் எல்லை மீறும். அதைச் சமாளிக்கக் கடைசியில் ஒரு சீவல் கத்தி வைப்பார்கள். பெயருக்கு லிமிட்டர், பாதி வேலை கத்தியுடையது.

இதற்கு ஓர் அழகான விடை இருக்கிறது. முதலில், வாசலில் காத்திருக்கும் 240 சாம்பிள்களில் (48,000 வேகத்தில் 5 மில்லிவிநாடிக்கு அவ்வளவு வரும்) எதற்கு மிகச் சிறிய எண் தேவையோ அந்த எண்ணை எடுத்துக்கொள். அந்தச் சாம்பிள் வெளியேறும்வரை அதை விடாதே. அடுத்து, இப்படிக் கிடைத்த எண்களில் கடைசி 240-க்குச் சராசரி எடு. உச்சம் வெளியேறும் கணத்தில் அந்தச் சராசரிக்குள் இருக்கும் 240 எண்களுமே 0.5 அல்லது அதற்கும் கீழே. ஒரு வகுப்பில் யாருமே ஐந்தடியைத் தாண்டவில்லை என்றால் வகுப்பின் சராசரி உயரம் ஐந்தடியைத் தாண்டுமா? தாண்டாது. இறக்கமும் சரிவுப் பாதைபோல் சீராக இருக்கும், எல்லையும் மீறாது, கத்தியும் வேண்டாம். இரண்டு வரிக் கணக்குதான், ஆனால் பார்க்கப் பார்க்கத் திகட்டாது.

பின்லாந்தின் பெர்ட்டு ஹமலைனன் 2002-இல் ஹாம்பர்க்கில் நடந்த டிஜிட்டல் ஒலி விளைவுகள் மாநாட்டில் படித்த கட்டுரையின் பொருளே, வெட்டுப்படாமல் இந்த எண்ணை வழவழப்பாக்குவது எப்படி என்பதுதான்.

● 240 எண்களில் சிறியது எது என்று ஒவ்வொரு சாம்பிளுக்கும் முதலிலிருந்து தேடினால் விநாடிக்கு ஒரு கோடிக்கு மேல் ஒப்பீடு. அவ்வளவு தேவையில்லை. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பவர்களில் உயரமானவர் யார் என்று எந்நேரமும் சொல்ல வேண்டும். பின்னால் ஓர் உயரமானவர் புதிதாக வந்து நிற்கிறார். அவருக்கு முன்னால் நிற்கும் குட்டையானவர்கள் அவருக்கு முன்பே போய்விடுவார்கள். இனி அவர்கள் 'உயரமானவர்' பட்டம் வாங்க வாய்ப்பே இல்லை. பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்! சிறியதைத் தேட இதையே தலைகீழாகச் செய்தால் போதும். கனடாவின் டேனியல் லெமியர் 2006-இல் இந்த யோசனையைச் செதுக்கி, ஓர் எண்ணுக்கு மூன்றே ஒப்பீட்டில் பெரியது, சிறியது இரண்டையும் சொல்லிக் காட்டினார்.

● சராசரிக்கும் குறுக்குவழி உண்டு: புதிய எண்ணைக் கூட்டு, பழையதைக் கழி. ஆனால் தசம எண்களில் இப்படி மணிக்கணக்கில் கூட்டிக் கழித்தால் பொடிப்பொடியாகப் பிழை சேரும். காலையில் சரியாக நின்ற எல்லை சாயங்காலம் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். அனுபவசாலிகள் இந்தக் கூட்டலை முழு எண்களில் செய்கிறார்கள்.

● குட்டுவதைவிடக் கையை எடுப்பது கஷ்டம். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் அலை 12 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மேலோ கீழோ உச்சம் தொடும். லிமிட்டர் 2 மில்லிவிநாடியில் கையை எடுத்துவிட்டால் ஒவ்வொரு உச்சத்துக்கும் ஒரு குட்டு விழும். அலையின் வடிவமே கோணி, பேஸ் கரகரக்கும். சரி, அரை விநாடி கழித்து எடுக்கட்டும் என்றால், டிரம் விழும்போதெல்லாம் பாடகர் அமுங்கி அமுங்கி எழுவார். மூச்சு வாங்குவது பாடகரா, லிமிட்டரா என்று சந்தேகம் வரும். தொழிலில் இதற்கு 'பம்பிங்' என்று பெயர்.

● ஸ்டீரியோவில் இடப்பக்கம் மட்டும் உச்சம் வந்தது என்று இடப்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால், நடுவில் நிற்கும் பாடகர் வலப்பக்கம் தாவிவிடுவார். அதனால் குற்றம் ஒருவர் செய்தாலும் தண்டனை இருவருக்கும்.

● சாம்பிள்கள் எல்லாம் எல்லைக்குள் இருந்தாலும் ஒலி எல்லை தாண்டியிருக்கலாம். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடும்போது, கம்பி கடைசிப் புள்ளிக்கும் வெளியே வளைந்து திரும்புமே, அதே கதைதான். சாம்பிள்கள் புள்ளிகள், ஸ்பீக்கர் அசைவது கம்பியின்படி. சாம்பிள் வேகத்தில் கால் பங்குள்ள ஒரு சுரத்தில் (48,000-க்கு 12,000 ஹெர்ட்ஸ்) புள்ளிகள் தோதான இடங்களில் விழுந்தால், மீட்டர் பூஜ்யம் காட்டும்போது உண்மையான உச்சம் 3 டெசிபெல் மேலே இருக்கும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட பி.எஸ். 1770 பரிந்துரை, புள்ளிகளுக்கு இடையே மேலும் புள்ளி வைத்து 4 மடங்கு நெருக்கமாக அளக்கச் சொல்கிறது. அப்போதும் மிக மோசமான கட்டத்தில் 0.69 டெசிபெல் வரை குறைத்துக் காட்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் உச்சவரம்பை மைனஸ் 1 என்று வைத்ததில் இந்த ஜாக்கிரதை தெரிகிறது. எம்பி3 ஆக்கும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் துள்ளும் என்பதும் உண்மை.

● லிமிட்டருக்குப் பின்னால் எதையும் வைக்காதீர்கள் என்பார்கள் பெரியவர்கள். காரணம் உண்டு. தலை தட்டையான சதுர அலை ஒன்றின் மேல்சுரங்களை வடிகட்டியால் வெட்டினால், எதையோ எடுத்துவிட்டோமே, உயரம் குறையும் என்றுதானே தோன்றும்? கூடும்! ஓரங்களில் சுமார் 18 சதவீதம் எகிறி நிற்கும். இதற்கு கிப்ஸ் விளைவு என்று பெயர்.

● ஒலிப்பதிவு சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் உள்ளுக்குள் தசம எண்களில் கணக்குப் போடுகின்றன. அங்கே பூஜ்யத்தைத் தாண்டினாலும் எதுவும் வெட்டுப்படாது. சிவப்பு விளக்கு வெறும் பயமுறுத்தல். ஃபைலாக எழுதும்போதும் ஸ்பீக்கருக்கு அனுப்பும்போதும்தான் ஆபத்து.

● உச்சத்தை அடக்கியாயிற்று, ஸ்பீக்கர் பிழைத்தது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒரே உயரமுள்ள சைன் அலையையும் சதுர அலையையும் எடுத்துக்கொண்டால், சதுர அலைக்கு இரண்டு மடங்கு சக்தி. நசுக்கி நிரப்பிய பாட்டு சதுர அலைப் பக்கம் நெருங்குகிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் மிக்ஸர் மேல் ஒரு விளக்குகூடச் சிவக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான 'வாய்ஸ் காயில்' கருகி ஒரு வாசனை வந்தது பாருங்கள், சாம்பார் வாசனையையே அமுக்கிவிட்டது. அதனால் பெரிய சவுண்ட் சிஸ்டங்களில் இரண்டு காவல்: உச்சத்துக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. இரண்டாவது மெதுவாக யோசிக்கும்.

● உங்கள் போனுக்குள்ளும் இது உண்டு. பல போன்களில் ஆம்ப்ளிஃபையர் சிப், ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, காயில் எவ்வளவு சூடாகியிருக்கிறது, சவ்வு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று ஊகித்துச் சத்தத்தை அடக்கும்.

● செவித்திறன் கருவியிலும் கடைசியில் ஒரு லிமிட்டர்தான். கேட்காத காதுக்குப் பெருக்கித் தரும் கருவி, பக்கத்தில் தட்டு விழும் ஓசையையும் அதே மாதிரி பெருக்கினால் என்ன ஆவது! நன்றாகக் கேட்கும் காதுக்கும் ஓர் எல்லை உண்டு: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல்.

● சினிமா நடுவில் விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோம். விளம்பரத்தின் உச்சம் படத்தின் உச்சத்தைத் தாண்டுவதில்லை. லிமிட்டரால் அழுத்தி அழுத்திச் சராசரியைத்தான் ஏற்றியிருப்பார்கள். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2010-இல் கையெழுத்தாகி 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அது பார்ப்பது உச்சத்தை அல்ல, சராசரி உரப்பை.

● 2008-இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம் வந்தது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமிலும் வந்தன. கேமில் நசுக்காத வடிவம், சி.டி.யில் நசுக்கிய வடிவம். விளையாட்டுச் சாமானில் கேட்பது நன்றாக இருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய தட்டு கரகரக்கிறது என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுப் போட்டார்கள். லிமிட்டர் தெருச்சண்டைக்கு வந்தது அப்போதுதான்.

இன்று அந்த நசுக்கலால் லாபமும் இல்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமாக மைனஸ் 14 என்ற ஒரே சராசரிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அழுத்தி ஏற்றியவரின் பாட்டை அது இறக்கிவிடும். போன உச்சங்கள் போனவைதான். இருந்தும் இன்னும் சிலர் நசுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

● லிமிட்டரைச் சோதிக்க 1,000 ஹெர்ட்ஸ் ஊதாமல் 997 ஹெர்ட்ஸ் ஊதுவார்கள். ஏன் இந்த மூன்று குறைச்சல்? 48,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 48. அதே 48 மதிப்புகளே திரும்பத் திரும்ப வரும். கருவியின் மிச்ச இடங்களில் கோளாறு இருந்தால் தெரியாது. 997 பகா எண். ஒரு விநாடி முழுக்க அலையின் வெவ்வேறு இடங்களைத் தொட்டுக்கொண்டு போகும்.

● சுரம் மட்டும் ஊதிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1988-இல் வெளியிட்ட சோதனை சி.டி.யில் காஸ்டனெட் என்ற மரக்கட்டைத் தாளமும் உண்டு. அந்த 'டக்' ஒலியில் லிமிட்டரின் பாய்ச்சல் அம்பலமாகும். பேஸில் அதன் ரிலீஸ் அம்பலமாகும். தனிப் பியானோவில் எல்லாமே அம்பலமாகும்.

● லிமிட்டர் தின்றது எதை என்று காதால் கேட்க ஒரு வழி: மூல ஒலியையும் வெளிவந்த ஒலியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, தாமதத்தைச் சரிசெய்து, ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டுங்கள். பொதுவானது ரத்தாகிவிடும். மிஞ்சுவது அது செய்த வேலை. டிரம் மட்டும் மெலிதாகக் கேட்டால் சரி. பாட்டுக்காரரின் குரல் வார்த்தை வார்த்தையாகக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்.

● இரண்டு லிமிட்டரை ஒப்பிடும்போது நம்மை அதிகம் ஏமாற்றுவது நம் காதுதான். அரை டெசிபெல் கூடினால் சத்தம் கூடியது என்று தோன்றாது, 'தெளிவு கூடியிருக்கிறது' என்று தோன்றும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போட்டதும் சத்தம் ஏறுகிற மாதிரித்தான் பிளக்-இன்கள் பலவும் வருகின்றன. ஆகவே பைபாஸ் பட்டனைத் தொடுமுன் இரண்டு பக்கத்துச் சராசரி உரப்பையும் மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள். பிறகு எது எது என்று தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, 16 முறை கண்டுபிடித்துப் பாருங்கள். குருட்டாம்போக்கில் 12 சரியாக வர 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. உங்களுக்கு 12 வரவில்லையா? பர்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு, சாஃப்ட்வேரோடு இலவசமாக வந்த லிமிட்டரையே போட்டுக்கொள்ளுங்கள்.